காது சிஸ்டரின் முழங்கை

அதெல்லாம் கிடையாது. தம்பி முன்னுக்கு வருவது பொறுக்காமல்தான் அவள் அப்படிச் செய்தாள் என்று சொல்கிற வாய் எந்த வாயாக இருந்தாலும் அது அறியாத வாய். கூடப் பிறந்தவன் சோற்றில் மண் அள்ளிப் போட்டாளாம். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கையே அவள் கைதான். தாய் கண்ணை மூடியபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது யார், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? இதைக் கேட்டால் தெருமுனைக் கடையில் நிற்கிறவர்களுக்கு வாய் அடைத்துவிடும். அடைத்த வாய் திரும்பத் திறக்கும்போது, "அப்போ எதுக்கு அவனை பேக்கிங்குக்குத் தள்ளினா?" என்று அதே பாட்டு.

அவள் மேல் குற்றமே இல்லை என்று சத்தியம் செய்ய இங்கே யாரும் வரவில்லை. குற்றம் இருக்கிறது, சின்னக் குற்றமும் இல்லை. ஆனால் ஊர் சொல்கிற குற்றம் அதுவல்ல. திட்டுவதானால் சரியான காரணத்துக்குத் திட்ட வேண்டும். ஆள் மாறித் திட்டினாலும் பாவம், காரணம் மாறித் திட்டினாலும் பாவம்.

தகட்டை வெட்டி அழுத்தி டப்பாவும் மூடியும் செய்கிற தொழிற்சாலை அது. அதில் அவள் நர்ஸ். கை கிழிந்தால் கட்டுப் போடுவாள், தலைவலிக்கு மாத்திரை கொடுப்பாள். ஆனால் அவளுக்குப் பெயர் வந்தது அதனால் அல்ல. தகட்டை அழுத்துகிற மெஷின்கள் ஓடும் பிரஸ் கூடத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் காது சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அதைச் செய்கிறவள் அவள். அதனால் காது சிஸ்டர்.

பிரஸ் கூடத்துக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிரஸ் ஒரு தடவை இறங்கினால் பல்லுக்குள் அதிரும். ஒரு பிரஸ் ஏறும்போது இன்னொன்று இறங்கும், நடுவில் மூச்சு விட இடம் இருக்காது. உள்ளே பேச்சு கிடையாது, சைகைதான். கட்டை விரலைக் காட்டினால் தகடு வந்துவிட்டது, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, மூக்கைத் தொட்டால் மேனேஜர் வருகிறார். காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறப் பஞ்சடைப்பான் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டால் தகடு சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று பிரஸ்ஸின் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எல்லோரும் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

வராந்தாவின் கோடியில் அவளுடைய அறை. ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி, மருந்து அலமாரி, மூலையில் நிமிர்த்தி வைத்த பெட்டி மாதிரி ஒரு சின்னக் கூண்டு. கூண்டுக்குள் சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கதவைச் சாத்தினால் நம்முடைய மூச்சு நமக்கே இரைச்சலாகக் கேட்கும். உள்ளே ஒரு நாற்காலி, எதிரே கண்ணாடிச் சன்னல். கண்ணாடிக்கு வெளியே அவளுடைய மேஜையும் மெஷினும். வேலை தொடங்கும் முன், காது ஓய்ந்திருக்கும் காலை நேரத்தில் ஆளை உட்கார வைப்பாள். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம் என்று ஹெட்போனை மாட்டிவிடுவாள். கையில் ஒரு பொத்தான். கொசு பாடுவது போல உள்ளே ஒரு சத்தம் வரும், கேட்டால் அமுக்க வேண்டும். அமுக்கினால் மேஜையில் விளக்கு எரியும். அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள், எது வரைக்கும் கேட்டது என்று தாளில் புள்ளி வைப்பாள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு நேராகப் போனால் காது நல்ல காது. பள்ளத்தில் இறங்கினால், ஆளைச் சத்தத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

வெளியே என்றால் பேக்கிங் பகுதி. அட்டைப்பெட்டி ஒட்டி, மூடிகளை அடுக்குகிற வேலை. பிரஸ் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் முதியோர் இல்லம். அங்கே போனால் பிரஸ் வேலைக்கென்று சம்பளத்தோடு கொடுக்கிற படி போய்விடும் என்பது ஒரு பக்கம். போகிறவனைப் பார்த்து, "என்னண்ணே, ஊன்றுகோல் வாங்கியாச்சா?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்பார்களே, அது இன்னொரு பக்கம். எதற்கு அதிகம் பயந்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அந்த மெஷின் பழைய மெஷின். ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பவும் ஆர்மோனியக் கட்டை மாதிரி ஒரு கட்டையைக் கட்டை விரலால் அழுத்தவேண்டும். கட்டை விறைப்பு. அழுத்தும்போது அவளுடைய முழங்கை கோழி இறக்கை மாதிரி லேசாகத் தூக்கும். அவளுக்கு அது தெரியாது. நம் முழங்கை என்ன செய்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டா இருக்கிறோம்? கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரஸ் ஆட்களில் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். எந்நேரமும் பேச்சு, யாரும் கேட்காவிட்டாலும் பேச்சு. ஒரு நாள் காலை அவர் கூண்டுக்குள் இருந்தார். அவள் கட்டையில் விரல் வைத்திருந்தாள், அழுத்தவில்லை. தோளில் ஒரு ஈ உட்கார்ந்தது. முழங்கையை அசைத்து ஓட்டினாள். மேஜையில் விளக்கு எரிந்தது.

அவள் மெஷினைப் பார்த்தாள். கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தாள். பிறகு, ஈ இல்லாமலே முழங்கையை மெல்லத் தூக்கினாள். விளக்கு எரிந்தது.

கூண்டைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னண்ணே, எதைக் கேட்டு அமுக்கினீங்க?"

"உங்க மெஷின்தான் பாடிச்சு சிஸ்டர்."

"நான் ஈ ஓட்டினேன்."

ரேடியோ கையில் இருந்த பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"ஈயும் பாடும் இல்லையா," என்றார் கடைசியில். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. "அந்தப் பக்கம் மட்டும் அனுப்பிடாதீங்க சிஸ்டர். மூணு புள்ளைங்க படிக்குதுங்க. அதைக்கூட விடுங்க. பெட்டி ஒட்டுற எடத்துல ரேடியோவ யாரு கேப்பா?"

அந்த நாற்காலி தரையில் ஆணி அடித்து இறுக்கிய நாற்காலியா? இல்லை. சும்மா நாலு கால் நாற்காலி. சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் திருப்பவில்லை. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டு, "போய் வேலையப் பாருங்கண்ணே" என்றாள். இதுதான் அவளுடைய குற்றம். திட்ட வேண்டுமானால் இந்த இடத்தில் திட்டுங்கள், காது கொடுத்துக் கேட்கலாம்.

அதற்குப் பிறகு முழங்கை தானாகத் தூக்கவில்லை, அவள்தான் தூக்கினாள். யார் முகம் வாடியிருந்ததோ அவருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போடுகிற மாதிரி இரக்கப்பட்டாள். உப்பு அதிகமானால் என்ன ஆகும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மாதம் ஒரு தடவை வருகிற டாக்டர் அந்தக் கோடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். "உங்க ஆளுங்களுக்கு யானைக் காது சிஸ்டர்," என்பார். பெரிய பிரஸ்கள் புதிதாக வந்து இறங்கின. சத்தம் வெளியே வராதபடி அவற்றுக்கு உறை போடவேண்டும் என்று பாதுகாப்பு ஆபீசர் கேட்டார். மேனேஜர் காது சோதனைத் தாள்களைப் புரட்டினார்.

"எல்லாருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? எதுக்கு வீண் செலவு?"

அவள் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். தாள்களைக் கொண்டுபோனதே அவள்தான். அவர் புரட்டிப் போட்ட தாள்களை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். பஞ்சடைப்பான்தான் இருக்கிறதே, வேண்டுகிறவன் வைத்துக்கொள்வான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்ள மனுஷருக்குச் சொல்லியா தர வேண்டும்?

அந்தப் புதுப் பிரஸ்ஸில் ஒன்றில்தான் அவளுடைய தம்பி நின்றான். அவனை அங்கே சேர்க்கச் சொல்லிக் கேட்டவளும் அவள்தான். அவனும் வருஷா வருஷம் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தான். சிரித்தபடி கண்ணாடி வழியாக அக்காவைப் பார்ப்பான். அவனுக்கு மட்டும் இறக்கை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கும். வீட்டுக்கு வந்து இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவன் வீட்டிலேயே அவளும் இருந்தாள். அவன், அவன் மனைவி, நாலு வயது மகள், இவள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. தம்பி மனைவி குறைப்பாள், அவன் கூட்டுவான். பின்னால் நின்று மனைவி ஏதாவது கேட்டால் பதில் வராது. "ஆபீசர் ஆகப்போறாருல்ல, நாம பேசுறது காதுல விழுமா?" என்று அவள் நொடிப்பாள். அவனைக் கூடத்துக்கே மேஸ்திரியாகப் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. காது சிஸ்டருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரியும். அசதியாக இருக்கும், யோசனையில் இருப்பான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் தம்பி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அப்பாகிட்ட ரகசியம் சொன்னா எல்லாத்துக்கும் சரின்னு சொல்றாரு."

"நல்லதுதானே? நல்ல அப்பா."

"இல்ல அத்தை. பூனைக்குட்டியத் தண்ணித் தொட்டில போட்டுட்டேன்னு சொன்னேன். சமத்துன்னு சொன்னாரு."

"போட்டியாடி?"

"போடல. சும்மா சொல்லிப் பாத்தேன். நேத்து, அப்பா நீங்க குண்டு பூசணிக்கான்னு சொன்னேன். அதுக்கும் சரிடா கண்ணுன்னாரு."

குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. அப்பாவின் காதோரம் வாயை வைத்துச் சொல்வது அவர் காதுக்குப் போகவில்லை என்பது அதற்கு ஒரு விளையாட்டு. காது சிஸ்டரின் கையில் இருந்த சீப்பு பின்னலிலேயே நின்றுவிட்டது. சத்தத்தில் கெடுகிற காது முதலில் மெல்லிய குரல்களைத்தான் இழக்கும். மேனேஜர் குரல் கேட்கும், பிரஸ் சத்தம் கேட்கும், பிள்ளையின் ரகசியம் கேட்காது. படித்த பாடம்தான். அந்தப் பாடம் தன் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் மேஜைமேல் மின்விசிறியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். முதுகு இவள் பக்கம். கதவருகில் நின்று, "தம்பி, உன் சட்டை எரியுது," என்றாள், சாதாரணக் குரலில். திரும்பவில்லை. கொஞ்சம் கிட்டே போய்ச் சொன்னாள். இல்லை. அறையின் நடுவில் நின்று சொன்னாள். இல்லை. கை நீட்டினால் தோளைத் தொடலாம் என்ற தூரத்தில், இடது பக்கமாக நின்று சொன்னபோது தலையைத் தூக்கினான்.

"கூப்பிட்டியாக்கா?"

"எவ்வளவு நாளா இப்படி?"

அவன் மழுப்பவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். "உனக்குத் தெரியாதா?" என்றான்.

அதுதான் அவளைக் கொன்றது. தெரியாதா என்று அவன் கேட்டதில் குத்தல் இல்லை. அக்காவுக்குத் தெரியும், தெரிந்துதான் தூக்குகிறாள், எல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவன் இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்திருக்கிறான்.

"அடுத்த வாரம் சோதனை. நாற்காலியச் சுவத்தப் பாத்துத் திருப்பப் போறேன்," என்றாள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"அக்கா, இந்த ஒரு வருஷம் விடு. மேஸ்திரி ஆயிட்டேன்னா பிரஸ் பக்கத்துல நிக்கவே வேண்டாம். கண்ணாடி ரூம்ல உக்காந்துடுவேன். அப்புறம் நீ எப்படி வேணா திருப்பு."

"உன் எடத்துல இன்னொருத்தன் வந்து நிப்பானே. அவனுக்கும் ஒரு புள்ள இருக்கும்."

"எல்லாருக்கும் தூக்கின கை எனக்கு மட்டும் வலிக்குதாக்கா?"

"உனக்குத் தூக்கினதுதாண்டா ரொம்ப வலிக்குது."

அவன் மின்விசிறியை மாட்டினான். அது முன்னைவிடச் சத்தமாகச் சுற்றியது. நன்றாக ஓடுகிறதாக அவன் நினைத்துக்கொண்டான்.

சோதனை நாளில் ரேடியோ கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், சுவத்துல சினிமா ஓடுதா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவருடைய பிடரி மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. அவள் அழுத்தினாள், அழுத்தினாள், விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். பிறகு எங்கோ ஒரு இடத்தில் எரிந்தது. அந்த இடத்தில் புள்ளி வைக்க அவளுக்குக் கை வரவில்லை, ஆனாலும் வைத்தாள்.

தம்பி வந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சின்னப் பிள்ளையில் தப்புச் செய்தால் இப்படித்தான் அவனை மூலையைப் பார்த்து உட்கார வைப்பாள். சிவப்புக் காதில் கோடு கிணற்றுக்குள் இறங்கியது. நீலக் காதில் பாதிக் கிணறு.

டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு மெஷினைத் தட்டினார். "ஒரே வருஷத்துல இத்தனை பேருக்கு இப்படி விழாது சிஸ்டர். மெஷின் போயிடுச்சு."

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். போன வருஷமெல்லாம் நான்தான் சரியா இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கையை மேஜைமேல் வைத்துத் தூக்கியே காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். அவரும்தானே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சார், மருந்து எதாவது..."

"முடி முளைக்கும், நகம் முளைக்கும். காதுக்குள்ள போனது முளைக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

மறுபடியும் அதே கேள்வி. தெரியாததா.

மேனேஜர் சும்மா விடுவாரா? போன வருஷம் வரைக்கும் காது நன்றாக இருந்தது என்று தாள் சொல்கிறது, ஆகவே இது தொழிற்சாலையில் கெட்டதே அல்ல, வீட்டில் டிவியைக் கத்தவிட்டுக் கெட்டது, நஷ்டஈடு கிடையாது என்று அவர் ஆரம்பித்தார். அவள் காட்டிய இரக்கம் கடைசியில் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்து நின்றது. அதனால்தான் அவள் விசாரணைக்கு வந்த சர்க்கார் அதிகாரிகள் முன்னால் இரண்டாம் தடவையும் எழுந்து நின்று, பழைய கோடுகள் பொய், போட்டது நான் என்று சொன்னாள். சொன்னால் வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னாள். லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டாள் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அவளை யாரும் பிடிக்கவில்லை. அவளே போய் மாட்டிக்கொண்டாள்.

பிரஸ்களுக்கு உறை வந்தது. பஞ்சடைப்பான் கழுத்திலிருந்து காதுக்கு ஏறியது. பாதிக் கூடம் பேக்கிங்குக்குப் போனது. அவள் மருந்து அலமாரிச் சாவியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ரேடியோ கூப்பிட்டார்.

"சிஸ்டர், இங்க எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க. எம்மேல கோவமோன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, மனுஷங்க எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களாமே."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளால் அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றாள். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

தம்பியும் அங்கேதான், அவருக்கு இரண்டு மேஜை தள்ளி. மேஸ்திரி வேலை வேறொருவருக்குப் போனது. வீட்டில் அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். சண்டை போட்டிருந்தால் தேவலை. தட்டை வைத்தால் சாப்பிடுவான், எழுந்து போவான். மகள் வந்து காதில் ரகசியம் சொன்னால், "எனக்குக் கேக்கலம்மா, முன்னாடி வந்து சொல்லு," என்பான். அந்த ஒன்றைக் கேட்கும்போது மட்டும் காது சிஸ்டருக்கு, செய்தது வீண் இல்லை என்று தோன்றும். அடுத்த நிமிஷம், எத்தனை வருஷம் முன்னால் இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றும். ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

வேறு ஊரில், படுத்த படுக்கையாகக் கிடக்கிற வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்க அறையும் உண்டு. தம்பி மனைவி, "இருங்க அண்ணி, கோவம் எத்தனை நாளைக்கு?" என்று தடுத்துப் பார்த்தாள். "அவன் கோவத்துக்காகப் போகலம்மா. நான் இருக்கிற வரைக்கும் அவனுக்கு அதுதான் ஞாபகம் வரும்," என்றாள்.

போகிற அன்று காலை அவன் சன்னலோரம் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். முதுகு கதவுப் பக்கம். குழந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே முத்தம் கொடுத்திருந்தாள். தம்பி மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காது சிஸ்டர் கதவருகில் நின்றாள்.

எந்த இடத்தில் நின்று சொன்னால் அவனுக்குக் கேட்கும் என்று இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. கை நீட்டினால் தோளைத் தொடுகிற தூரம், இடது பக்கம். அங்கே போய் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே நின்று சொல்லி, கேட்டும் அவன் திரும்பாமல் இருந்துவிட்டால்? அதை அவளால் தாங்க முடியாது. இங்கேயிருந்து சொன்னால் அவன் திரும்பாததற்குக் காது காரணம். அந்த அளவுக்கு அவளுக்குப் போதும்.

"போயிட்டு வரேன் தம்பி," என்றாள், கதவருகிலேயே நின்று, சாதாரணக் குரலில்.

அவன் ஷூவின் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.